எச்சரிக்கை வந்த வழி

சென்ற பருவத்தில் மொழிபெயர்ப்புத் தாள் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா எழுப்பினாள். ஆங்கிலத்தில் 'வார்ன்' என்கிறார்கள், 'காஷன்' என்கிறார்கள், 'அலெர்ட்' என்கிறார்கள், 'அலாரம்' என்கிறார்கள். நாம் கரும்பலகையில் எல்லாவற்றுக்கும் நேரே 'எச்சரிக்கை' என்றே எழுதியிருக்கிறோம். நான்கும் ஒன்றுதானா, அல்லது நம்மிடம் சொல் இல்லையா?

வகுப்பு முடியும் மணி அடித்ததால் தப்பினோம். அந்த மணியும் ஓர் எச்சரிக்கைதான்.

வினாவைச் சுமந்துகொண்டு அவ்வார இறுதியில் ஏலாக்குறிச்சிக்குப் போனோம். இதற்காகவே போனோம் என்றால் பொய்யாகும். வீரமாமுனிவர் வாழ்ந்த ஊரைக் காணவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் தமிழில் அகரவரிசைப்படி சொல் தேடும் வழக்கத்துக்கு வித்திட்டவரின் ஊரில், ஒரு சொல்லின் வழக்கை விசாரிப்பது பொருத்தம் என்றும் தோன்றிற்று.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். 1710இல் கோவாவுக்கும், பின்னர் தமிழகத்துக்கும் வந்தார். கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மழவராயர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்த இவ்வூரில் அடைக்கல அன்னைக்கு ஒரு கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் இட்டார். திருக்காவலூர்க் கலம்பகம் இவ்வூரைப் பாடியது. 'தைரியநாதர்' என்பது அவருடைய இயற்பெயரின் தமிழாக்கம். அது வடமொழி என்று பட்டதால் வீரமாமுனிவர் ஆனார் என்பர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டியவர் அவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஓர் உயிரின் நீட்டம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இவ்வூரிலேயே சான்று உண்டு. அன்னை தருவது அபயம். மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்தின்கீழ் எழுதியிருப்பது அபாயம். இடையில் நிற்பது ஒரு கால் மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், மாணவி கேட்ட நான்கு ஆங்கிலச் சொற்களில் இரண்டு பெஸ்கியின் தாய்மொழியிலிருந்து போனவை. 'அலாரம்' என்பது இத்தாலியப் படைவீரரின் கூக்குரல். 'ஆயுதங்களுக்கு!' என்று பொருள்படும் 'அல்லார்மே' என்னும் தொடர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஒரே சொல்லாக இறுகிவிட்டது. 'அலெர்ட்' என்பதும் அவ்வாறே. 'எர்த்தா' என்றால் செங்குத்தான மேடு. 'அல்லெர்த்தா' என்றால் மேட்டின்மேல் நின்று பார் என்பதாகும். காவல் மேட்டில் நிற்பவனுக்கு இடப்பட்ட கட்டளை அது. ஆக, ஒன்று ஆயுதம் எடுக்கச் சொல்கிறது. மற்றொன்று மேட்டில் ஏறிப் பார்க்கச் சொல்கிறது. இன்று நம் தலைமாட்டில் ஐந்து மணிக்கு அலறும் கருவிக்குள் இத்தாலியப் போர்க்களம் ஒன்று இருப்பதை நினைத்தால், எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் மனம் வரலாம்.

'காஷன்' இலத்தீன். விழிப்பாயிரு, தற்காத்துக்கொள் என்னும் பொருளுடைய 'கவேரே' என்னும் வினையின் வழிவந்தது. உரோமச் சட்டத்தில் 'கவுத்தியோ' என்பது பிணையத்தைக் குறித்தது. கல்லூரியில் சேரும்போது மாணவரிடம் 'காஷன் டெபாசிட்' என்று ஒரு தொகை வாங்குகிறார்களே, அந்தப் பெயரில் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. (அத்தொகை திரும்பக் கிடைப்பது வேறு கதை.) பொம்பெயி நகரத்து வீடொன்றின் வாயிலில், சங்கிலியால் கட்டிய நாயின் உருவத்தைச் சிறு கற்களால் பதித்து, அதன்கீழ் 'நாயிடம் கவனம்' என்று இலத்தீனில் எழுதியிருக்கிறார்கள். எரிமலைச் சாம்பலுக்குள் புதையுண்டு பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்ட அந்த வாசகத்துக்கும், நம் நகர்ப்புறத்து இரும்புக் கதவுகளில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்கும் பெரிய வேறுபாடில்லை. நாய்கள்தாம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று பொருள்படும்படி நம்மவர் எழுதுகிறார்கள் என்பதைத் தவிர.

'வார்ன்' மட்டுமே ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு; ஜெர்மானியக் குடும்பத்துப் பழஞ்சொல். ஆகவே, நான்கு சொற்களும் ஒன்றல்ல. நான்கு திசைகளிலிருந்து வந்து, நான்கு வேலைகளைப் பகிர்ந்துகொண்டவை. வரப்போகும் கேட்டை ஒருவருக்கு எடுத்துச் சொல்வது வார்ன். இருக்கும் இடத்தில் மெதுவாகச் செல்லச் சொல்வது காஷன். கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது அலெர்ட். எழுந்து ஓடச் சொல்வது அலாரம்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'எச்சரிக்கை' தமிழில் வேரூன்றிய சொல்லே. ஆயினும் தமிழில் முளைத்ததன்று. தெலுங்கில் 'எச்சரிக', கன்னடத்தில் 'எச்சரிகெ'. 'எச்சர' என்றால் கன்னடத்தில் விழிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியும் இதனைத் தெலுங்கு, கன்னடத் தொடர்புடையதாகவே காட்டுகிறது. இச்சொல் நம்மிடம் பரவியதற்கு நாயக்கர் அரசவைகள் பெருங்காரணமாய் இருந்திருக்கவேண்டும் என்பது நம் கருத்து. அரசன் அவைக்குள் நுழைகையில் முன்னே செல்லும் கட்டியக்காரன் 'எச்சரிக்கை!' என்று கூவுவான். அக்கூவல் இருமுகம் உடையது: மன்னனை நோக்கி 'பார்த்து எழுந்தருள்க' என்பது ஒரு முகம், கூட்டத்தை நோக்கி 'விலகி நில், வாய் பொத்து' என்பது மறுமுகம்.

முதல் முகத்தின் கனிவைக் காண விரும்புவோர் ஏலாக்குறிச்சியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து திருவையாற்றுக்குப் போகவேண்டும். அங்கே வாழ்ந்த தியாகராசர், இறைவனை உபசரிக்கும் வரிசையில் பாடிய உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளுள் ஒன்று 'ஹெச்சரிக' என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது, இராகம் யதுகுலகாம்போதி. அரண்மனைச் சேவகனின் கூவல் அங்கே, நடந்து வரும் இராமனின் காலில் எதுவும் இடறக்கூடாதே என்னும் கவலையாகக் கனிந்துவிடுகிறது. ஆனால் பாட்டுக்கு வெளியே, கோட்டை வாசலில் நின்ற குடியானவனின் காதில் விழுந்தது இரண்டாவது முகந்தான். ஆங்கிலத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 'டேஞ்சர்' என்னும் சொல் முதலில் ஆபத்தைக் குறிக்கவில்லை. பிரபுவின் அதிகாரத்தைக் குறித்தது. பிரபுவின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதே ஆபத்து என்று ஐரோப்பியக் குடியானவன் கண்டுகொண்ட பிறகு சொல்லின் பொருள் மாறிற்று. அகராதி எழுதுபவர்கள் இதைவிடச் சுருக்கமாக ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது.

வீரமாமுனிவர் காலத்துக் கொள்ளிடக்கரை, இவ்வகைச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண். திருச்சிராப்பள்ளி நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்து சந்தா சாகிபின் கைக்கு மாறியது. தஞ்சை மராட்டியரிடம் இருந்தது. சந்தா சாகிபைக் காண்பதற்காக முனிவர் பாரசீகமும் உருதுவும் கற்றார் என்றும், அவரிடம் திவானாகவே இருந்தார் என்றும் பழைய வரலாற்று நூல் கூறும். ஆய்வாளர் பலர் ஐயுறுவர். ஐயுற வேண்டாதது, 'உஷார்', 'கபர்தார்' ஆகிய பாரசீகச் சொற்கள் படைவீரர் வாய்வழியே தெருவுக்கு இறங்கிவிட்டன என்பது. 'ஜாக்கிரதை' வடமொழியிலிருந்து வந்து முன்னமே காத்திருந்தது. இவற்றுள் ஓர் ஒற்றுமை உண்டு: எச்சரிக்கை என்றால் விழித்திரு, ஜாக்கிரதை என்றாலும் விழித்திரு, உஷார் என்றாலும் உணர்வோடிரு. ஒருவன் தூங்குகிறான் என்னும் நினைப்பிலேயே மூன்றும் அவனை அழைக்கின்றன. 'பராக்' இன்னும் வேடிக்கை. கட்டியக்காரன் 'பராக், பராக்' என்றால் கவனி என்று பொருள். பையன் 'பராக்குப் பார்க்கிறான்' என்றால் கவனிக்கவில்லை என்று பொருள்.

அப்படியானால் தமிழில் இதற்கு முன் எச்சரிப்பே இல்லையா? இருந்தது, ஆனால் திசை வேறு.

தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ என்று இரண்டைச் சொல்கிறது. வேம்பைப் போலக் கடுவைப் போல முதலில் கசந்து பின்னர் நன்மை பயக்கும் சொல் வாயுறை வாழ்த்து. பணிவின் தேவையைக் காதில் போட்டுவைப்பது செவியறிவுறூஉ. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் தொகை அகராதியில் தொண்ணூற்றாறு பிரபந்தங்களை வரிசைப்படுத்தும்போது இவ்விரண்டுக்கும் இடம் தந்திருக்கிறார். எச்சரிப்பது ஓர் இலக்கிய வகையாகவே மதிக்கப்பட்ட மொழி இது. அதில் கீழிருப்பவர் மேலிருப்பவரை எச்சரித்தார். வெள்ளைக்குடி நாகனார் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம், மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசரைத்தான் பழிக்கும் என்கிறார். உன் வெண்கொற்றக்குடை உனக்கு வெயில் மறைக்கவன்று, குடிகளுக்கு நிழல் தர என்கிறார். உன் படை பெறும் வெற்றி உழவன் கலப்பையின் கொழுமுனையில் விளைந்தது என்கிறார். புறநானூற்றின் முப்பத்தைந்தாம் பாட்டு அது, துறை செவியறிவுறூஉ. பாடி முடித்தபின் அவர் பெற்றது பொன்னோ யானையோ அன்று. தம் பழைய நிலத்தின்மேலிருந்த வரிக்கடனை நீக்கிக்கொண்டார் என்று கொளு கூறுகிறது. எச்சரிக்கை ஒன்று கைமேல் பலித்த செய்தியாக நம் ஏடுகளில் நாமறிந்த மிகப் பழையது இதுதான்.

வாயுறை வாழ்த்துக்கு இலக்கணம் சொல்லுமிடத்தில் தொல்காப்பியர் கையாளும் ஒரு தொடர் நம்மை நிறுத்திற்று: ஓம்படைக் கிளவி. ஓம்படை என்றால் பாதுகாப்பு. ஒருவரை ஒருவர் கையில் ஒப்படைத்துக் காக்கச் சொல்வதும் ஓம்படையே. அகப்பாடல்களில் தோழி தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும்போது பேசுவதும் இதுவே. விழித்திரு என்று கூவுவதற்கும், இவளைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

அந்தத் தொலைவை அளக்க இந்த நாட்டுப்பகுதியிலேயே நடந்த ஒரு பயணம் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டுக் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்தார்கள். இடையில் சேர்ந்துகொண்ட கவுந்தியடிகள், வழியின் இடர்களை நாடுகாண் காதையில் எடுத்துச் சொல்கிறார். சோலை வழியாகப் போனால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகள் இருக்கும். செண்பகப் பூந்துகள் உதிர்ந்து அவற்றை மூடியிருக்கும். கால் வைத்தால் உள்ளே போகும். அதற்கஞ்சித் தரையையே பார்த்து நடந்தால், தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். வயல் வழியாகப் போனால், நீர்நாய் கவ்விய வாளை துள்ளும், இவள் நடுங்கிவிடுவாள். கரும்பிலிருந்த தேனடை சிதைந்து குளத்து நீரில் தேன் கலந்திருக்கும். தாகத்தில் அறியாமல் அள்ளிக் குடித்துவிடுவாள். களைபறிப்போர் வரப்பில் போட்ட குவளைக்குள் வண்டு கிடக்கும், வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் கிடக்கும், மிதித்துவிடாதீர்கள்.

இப்பகுதியைப் பல ஆண்டுகள் வகுப்பில் 'மருதநில வருணனை' என்றே நடத்தி வந்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். வருணனைதான். ஆனால் அது கூட நடந்துவரும் ஒருவரின் எச்சரிக்கை. அதில் எச்சரிக்கை என்னும் பொருள்படும் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. குழி எங்கே, அதை மூடியிருப்பது எது, யாருக்கு எது நேரும் என்பது மட்டுமே இருக்கிறது. பின்னர் இதே கவுந்தி, மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் காதைக்குப் பெயர் அடைக்கலக் காதை. அடைக்கல அன்னையின் ஊரில் இருந்துகொண்டு இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரியலூர்ப் பக்கத்துக்கு எச்சரிக்கை என்னும் சொல் வெறும் இலக்கியச் செய்தியன்று. 1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு இரயில், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. பெருமழை, ஆற்றில் வெள்ளம். இறந்தோர் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்திருந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். துணையமைச்சர் ஓ.வி. அழகேசனின் பெயரை அரியலூரோடு சேர்த்து எழுந்த முழக்கம் அன்றைய தேர்தல் மேடைகளில் ஒலித்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். (அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருப்பெற்றதும் 2007ஆம் ஆண்டின் அதே நவம்பர் 23 என்பது தற்செயல்.)

இரயில்வே மொழியில் எச்சரிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதை நாம் அறிந்தது, ஓட்டுநராயிருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரிடமிருந்துதான். 'காஷன் ஆர்டர்' என்பது ஒரு தாள். எந்த இரு நிலையங்களுக்கிடையே, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, என்ன வேகத்தில் போகவேண்டும் என்று எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பாலத் தூண்களில் வெள்ள அபாய மட்டத்தைக் கோடிட்டு வைப்பார்கள். மழைக்காலத்தில் விளக்கோடு தண்டவாளத்தில் நடப்பவர், பாதை சரியில்லை என்று கண்டால் தண்டவாளத்தின்மேல் வெடியை வைத்துவிட்டு எதிரே ஓடுவார். சக்கரம் ஏறி அது வெடித்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தவேண்டும். சொல்லே இல்லாத எச்சரிக்கை அது. இவ்வளவும் ஒரு பாலத்தில் ஒரு விடியற்காலையில் உயிர்களைக் காக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

முன்பு சாராயப் புட்டியில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று அச்சிட்டு அரசே விற்றதைப் பற்றி இங்கே விரித்துரைக்கவில்லை. தமிழ்ச் சிலேடைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதோடு விடுவோம்.

ஆனால் வானிலை அறிக்கையை விடமுடியாது. இந்திய வானிலை ஆய்வுத்துறை மழைக்கு நிறங்கள் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மஞ்சள் என்றால் 'வாட்ச்', செய்தியைக் கவனித்து வரவேண்டும். ஆரஞ்சு என்றால் 'அலெர்ட்', ஆயத்தமாக இருக்கவேண்டும். சிவப்பு என்றால் 'வார்னிங்', செயலில் இறங்கவேண்டும். மூன்று படிகள், மூன்று சொற்கள். நம் செய்தித்தாளில் மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை. நிறம் மாறுகிறது, சொல் மாறவில்லை. வண்ணம் தெரியாத வானொலியில் கேட்பவர் என்ன செய்வார்? 2018 அக்டோபர் 7ஆம் நாளுக்கென்று விடுக்கப்பட்ட 'ரெட் அலெர்ட்' நினைவிருக்கலாம். ஊரையே காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள் என்பது போன்ற பரபரப்பு. இது நிர்வாகம் ஆயத்தமாவதற்கான அறிவிப்பு என்று அதிகாரிகள் விளக்க வேண்டியதாயிற்று. பிறகு அது விலக்கிக்கொள்ளவும் பட்டது. மாணவியின் வினாவுக்கு விடை சொல்லாமல் தப்பியதன் விலை என்ன என்று அப்போது புரிந்திருக்கவேண்டும். அவள் கேட்க இத்தனை ஆண்டுகள் ஆயின. 'விழிப்பு', 'ஆயத்தம்', 'எச்சரிக்கை' என்று மூன்று சொற்களைப் பிரித்துக் கொடுத்தாலே போதும் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் இனி அப்படித்தான் எழுதப்போகிறோம்.

மேட்டூர் நிரம்பி உபரிநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பப்படும்போதெல்லாம் கரையோர ஊர்களுக்கு வருவது 'வெள்ள அபாய எச்சரிக்கை'. முன்பு இதைத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். தப்படிப்பவர் தெரு முனையில் நின்று, ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வருகிறது, திட்டில் மாடு மேய்க்கப் போகாதீர்கள், துணி வெளுக்க இறங்காதீர்கள் என்று பேச்சுமொழியில் கூறுவார். அவரும் ஊரார் ஒருவர். எந்தப் படுகையில் யார் மாடு நிற்கும் என்று அறிந்தவர். அந்தப் பணி ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்ததும், ஊரைக் காப்பாற்றியவரை ஊர் எட்டியே நிறுத்தியதும் இவற்றோடு சேர்ந்த உண்மைகள். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, தண்டோராவுக்கு இனி இடமளிக்கவேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். செய்யவேண்டியதைச் செய்தார். அடுத்ததாகக் கைப்பேசியே அலறி எச்சரிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய அறிவிப்பில் இருந்த திட்டும் மாடும் படுகையும் புதிய வாசகங்களுக்குள் ஏறவில்லை. கட்டியக்காரனின் ஒற்றைச் சொல் மட்டும் ஏறிக்கொண்டது.

கோயிலைப் பார்த்துவிட்டு மாலையில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். நீர் அதிகமில்லை, கணுக்கால் அளவுக்குத் தெளிந்து ஓடிற்று. கரையில் தகரப்பலகை ஒன்று. வண்ணம் உதிர்ந்து 'எச்சரிக்கை' என்பது மட்டும் எஞ்சியிருந்தது; கீழிருந்த வரிகளைத் துரு தின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"தம்பி, அந்தப் பக்கம் போவாத. மணலு அள்ளுன குழி கெடக்கு. தண்ணி மூடிக்கிட்டு மட்டமாத் தெரியும். காலு வெச்சீன்னா ஆளே உள்ள போயிருவ. இந்தா, ஆடு எறங்குது பாரு, அது பின்னாடியே எறங்கு."

ஆட்டின் பின்னே இறங்கினோம்.